ஜெனரேட்டர்ல ஓடும்போது எம்.சி.பி. விழுமா?

முதலிபாளையம் சிட்கோல தையல் யூனிட் போடப் போற தங்கச்சிக்கு: 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் பாக்கப் போனா, மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்னு மட்டும் கேட்டுட்டு வந்துராத கண்ணு. ஷார்ட் ஆனா எத்தனை ஆம்ப் தரும்னும் கேளு. கடைக்காரர் முழிப்பார். பரவால்ல, ஆல்டர்னேட்டர் டேட்டா ஷீட்டை வாங்கிக்கோ.

இ.பி. லைன்ல ஷார்ட் ஆனா, 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், 4.5 சதவீத இம்பீடன்ஸ்னு வெச்சா, அது பக்கத்துல 7,400 ஆம்ப் வரைக்கும் பாயும். உன் போர்டுக்கு வர்றதுக்குள்ள கேபிள்ல குறைஞ்சாலும் எம்.சி.பி. உடனே விழுந்துரும். ஜெனரேட்டர் கதையே வேற. அதோட முழு லோடே 35 ஆம்ப்தான். டேட்டா ஷீட்ல சப்ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 12 சதவீதம்னு இருந்தா, 35-ஐ 0.12-ஆல வகுத்துப் பாரு: சுமார் 290 ஆம்ப். அதுவும் சில சைக்கிளுக்குத்தான். அப்புறம் எல்லாம் வோல்ட்டேஜைச் சீரா வெக்கிற ஏ.வி.ஆர். கையில. அது ஆல்டர்னேட்டரோட டெர்மினல்லயே கரண்ட் எடுக்கிற ரகம்னா, பக்கத்துல ஷார்ட் ஆகி வோல்ட்டேஜ் விழுந்ததும் அதுவும் படுத்துரும். ஷார்ட் கரண்ட் முழு லோடுக்கும் கீழ போயிரும். ஏ.வி.ஆருக்குத் தனியா கரண்ட் கொடுக்க பி.எம்.ஜி.யோ (காந்தம் வெச்ச குட்டி ஜெனரேட்டர்) தனி ஆக்சிலரி வைண்டிங்கோ இருந்தா, பொதுவா மூணு மடங்கு, அதாவது 105 ஆம்ப், சில விநாடி தாங்கும். கொஞ்சம் காசு கூட ஆனாலும் நான் இதைத்தான் வாங்கச் சொல்லுவேன்.

இப்ப போர்டைப் பாரு. சி ரகம் 32 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழறது உறுதின்னா 320 ஆம்ப் வேணும். 105 ஆம்ப்ல அது சூடாகி, யோசிச்சு, பல விநாடி கழிச்சுத்தான் விழும். அதுவரைக்கும் லைட் மங்கும், பவர்டேபிள் எல்லாம் நிக்கும், இன்ஜின் முக்கும். "ஜெனரேட்டர் வீக்குங்க"ன்னு யாராவது திரும்ப ஸ்டார்ட் பண்ணப் போவாங்க. விடாத. கட்டிங் வேஸ்ட்டும் பஞ்சும் கிடக்குற இடம் அது. மெயினை ஆஃப் பண்ணி, ஒயரைப் பாத்துட்டுத்தான் மறுபடி.

அதனால எலக்ட்ரீஷியன்கிட்ட ரெண்டு கணக்கும் கேளு. எம்.சி.பி. எத்தனை கே.ஏ. தாங்கணும்கிறதை இ.பி.யோட பெரிய கரண்ட் முடிவு பண்ணும். டிரான்ஸ்பார்மர் ஒட்டி இருந்தா 6 கே.ஏ. போதாது, 10 போடு. எத்தனை ஆம்ப்ல விழணும்கிறதை ஜெனரேட்டரோட சின்ன கரண்ட் முடிவு பண்ணட்டும். ஒரே பெரிய லைனா இழுக்காம பிரிச்சு, பி ரகம் 16 ஆம்ப் போட்டா 80 ஆம்ப்லயே உடனே விழும். சர்வோ மோட்டார் மெஷின்னா ஸ்டார்ட்டிங்ல பெருசா இழுக்காது, தொல்லை இருக்காது. பழைய கிளட்ச் மோட்டார்னா ஒரு லைனுக்கு மெஷினைக் குறைச்சுக்கோ.

ஷாக்குக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. தனியா வேணும். ஜெனரேட்டர் நியூட்ரலுக்கு எர்த் கொடுக்கலைன்னா, டீசல்ல ஓடுறப்ப அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பின்னாடி கூரையில சோலார் போட்டா, அதையும் ஷார்ட் கரண்ட் கணக்குல பெருசா நம்பாத. இன்வெர்ட்டர் தன் அளவுக்குக் கொஞ்சம் மேல தந்துட்டு நின்னுரும்.