முதலில் இறங்கக் கற்றுக்கொள்

கண்ணு,

சைக்கிள் டிரையல்ஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, மரக்கட்டை, மதில் என்று எல்லாவற்றின் மேலும் சைக்கிளோடு ஏறி இறங்குகிற விளையாட்டு. பெற்றவளுக்குப் பயம் வராமல் இருக்குமா? இங்கே வட இங்கிலாந்தின் மழையில் நனைந்த கற்களோடு என் காலம் பெரும்பாலும் போய்விட்டது. உத்தியைக் காட்டப் பத்துப் பேர் வருவார்கள், வீடியோக்களும் கொட்டிக் கிடக்கின்றன. உத்தி தெரிந்த பிறகும் உடம்பு மாட்டேன் என்று நிற்குமே, அந்த நேரத்துக்காக எழுதுகிறேன்.

1. நிற்கப் பழகு. பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக இருக்கட்டும். உனக்கு வசதியான கால் முன்னால், முன்சக்கரம் சற்றுத் திரும்பியபடி, பிரேக்கில் ஒற்றை விரல். எந்தக் கால் முன்னால் என்று யாரிடமும் கேட்காதே. யோசிக்காமல் ஏறி நின்றால் உடம்பே சொல்லிவிடும். ஒரு வாரத்தில் இது அலுத்துப்போகும், துள்ளிக் குதிக்கிற ஆசை வரும். நிற்பதை அலட்சியம் செய்த பிள்ளைகள் எல்லோரும் பின்னால் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எப்படியோ பாறை மேல் ஏறிவிடுவார்கள். ஏறியபின் அடுத்தது என்ன என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு நொடி இருக்காது. தடுமாறுகிறவர்தான் அவசரப்படுவார். கடைக்குப் போனால் வாசலில் நில், நண்பனுக்குக் காத்திருக்கும்போது நில், போன் பேசும்போது மட்டும் வேண்டாம்.

2. ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள். எல்லோரும் இதைக் கடைசியில் வைப்பார்கள். டிரையல்ஸ் சைக்கிளில் சீட் இருக்காது, கவனித்திருப்பாய். உட்கார வேலையில்லை என்பது ஒரு காரணம். கால்களுக்கு நடுவே தடை இல்லாததால், பின்னால் சாய்ந்து போனாலும் அப்படியே குதித்துத் தரையில் நிற்கலாம் என்பது இன்னொன்று. புல்தரைக்குப் போ. முன்சக்கரத்தைத் தூக்கு, சமநிலை தவறும் இடத்தை வேண்டுமென்றே தாண்டு, ஹேண்டில்பாரை விடாமல் பின்பக்கமாகக் கால் ஊன்றி நில். சலிக்கும்வரை செய்.

பின்சக்கரத்தில் நிற்க முடியாமல் மாதக்கணக்காகத் தவித்த ஒரு பெண் எங்கள் கூட்டத்தில் இருந்தாள். “கையை நீட்டு, இன்னும் சாய்” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் சாயவே மாட்டாள். முழங்கை மடங்கும், முன்சக்கரம் தொப்பென்று விழும். ஒரு மாலை முழுக்க அவளை எதிலும் ஏற விடாமல், சாய்ந்து இறங்குவதை மட்டும் செய்யச் சொன்னேன். கொஞ்ச நாளில் கை தானாக நீண்டது, இடுப்பு பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போனது, பின்சக்கரத்தில் துள்ள ஆரம்பித்தாள். அத்தனை மாதமும் அவள் உடம்பு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது: சாய்ந்து போனால் என் முதுகுக்கு என்ன ஆகும்? யாரும் பதில் சொல்லவில்லை, தைரியம் மட்டும் சொன்னார்கள். மனத்தடை என்று நாம் பெயர் வைக்கிறதில் பாதிக்கு மேல் இப்படிப் பதில் கிடைக்காத கேள்விகள்தான். அதட்டினால் அடங்கிவிடாது. பதில் கொடு, தானே விலகும்.

3. பயத்தைத் திட்டுவதற்கு முன் பிரேக்கைப் பார். இது அறிவுரையா, மெக்கானிக் பேச்சா என்று சிரிக்காதே. பின்சக்கரத்தில் நிற்கும்போது உன் உயிர் முழுவதும் அந்த ஒற்றைப் பிரேக்கில் இருக்கிறது. ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் ரிம்மையே கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்குவது அதனால்தான். பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம் வரும், வரட்டும். கீறல் தேய்ந்துவிட்டால் சக்கரம் அரை அங்குலம் நழுவும். அந்த அரை அங்குலம் மதில் விளிம்பில் நிற்கும்போது பெரிய தூரம்.

அடுத்தது செயினும் ஃப்ரீவீலும். 20 அங்குல டிரையல்ஸ் சைக்கிள்களில் ஃப்ரீவீல் பெரும்பாலும் பின்சக்கரத்தில் இருக்காது, முன்னால் பெடல் பக்கத்தில் இருக்கும். ஒரு சுற்றில் 72 இடத்தில், 108 இடத்தில் கவ்வுகிற ஃப்ரீவீல்கள் இதற்கென்றே செய்யப்படுகின்றன. 72 என்றால் கால் அதிகபட்சம் 5 டிகிரி நகர்வதற்குள் பல் கவ்விவிடும். சாதாரண சைக்கிளில் கால் வெறுமனே இறங்குகிற தூரம் இதைவிட மிக அதிகம். இரண்டு பாறைகளுக்கு நடுவே தாவும்போது அந்த வெறும் இறக்கத்தை உன் கால் சகிக்காது. நேற்று வரை தாண்டிய இடைவெளியை இன்று உடம்பு மறுக்கிறதா? மனசைக் குடைவதற்கு முன் செயினைக் கையில் எடுத்து ஒவ்வொரு கண்ணியாகப் பார். போன வாரம் அது ஒருமுறை வழுக்கியது உனக்கு மறந்திருக்கும். உன் முழங்காலுக்கு மறந்திருக்காது.

4. உன்னிடம் இருப்பது அரைச் சுற்று மிதி. அதை மதி. இந்த விளையாட்டு மோட்டார்சைக்கிள் டிரையல்ஸின் பிள்ளை. ஸ்பெயினின் கட்டலோனியாவில், மான்டெசா மோட்டார்சைக்கிள்களை ஓட்டிய பெரே பி என்பவர் தன் மகன் ஓட் பிக்கு இன்ஜின் இல்லாத சின்ன வண்டியில் இதைப் பழக்கினார். அந்த மகன் பின்னாளில் பலமுறை உலகச் சாம்பியன் ஆனார். 1986 முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. மோட்டார்சைக்கிளில் தப்பு செய்தால் ஆக்சிலேட்டரை முறுக்கிக் கொஞ்சம் சமாளிக்கலாம். உனக்கு முறுக்க எதுவும் இல்லை. பிரேக்கை விடுவதும், முன்காலால் மிதிப்பதும், உடம்பை நீட்டித் தாவுவதும் ஒரே கணத்தில் நடந்து முடிந்துவிடும். அதனால் அந்தக் கணத்தைப் பிடி, பலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. ஒல்லிப் பிள்ளைகள் பலசாலிகளைத் தோற்கடிப்பதை நான் எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன்.

5. உயரத்தைச் செங்கல் கணக்கில் கூட்டு. பின்சக்கரத்தில் நின்று பக்கவாட்டில் துள்ளி ஏறும் சைடு ஹாப் பழக எல்லோரும் மரப் பேலட்டுகளை அடுக்குவார்கள். ஐரோப்பிய பேலட் ஒன்றின் உயரம் 144 மில்லிமீட்டர். மூன்றில் ஏறியவர் நான்கின் முன்னால் வாரக்கணக்கில் நிற்பதற்கு அதுதான் காரணம். படி அவ்வளவு பெரிது. இங்கிலாந்துச் செங்கலின் கனம் 65 மில்லிமீட்டர். பேலட்டுக்கு அடியில் ஒரு வரிசை செங்கல் வை. அதிலும் பயமா, ஒரு பலகைத் துண்டு வை. அகலக்கால் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னது உயரத்துக்கும் பொருந்தும்.

அதற்கும் முன்னால் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதைத் தாண்டு. பிறகு தொட்டால் விழுந்துவிடும்படி இரண்டு கற்களின் மேல் ஒரு குச்சி வைத்துத் தாண்டு. குச்சியும் மதிலும் ஒரே உயரம்தான், ஆனாலும் குச்சியைத் தாண்டுகிற உடம்பு மதிலைப் பார்த்ததும் சுருங்கும். அப்போது உனக்குத் தெரிந்துவிடும், கால் தயார், கண்தான் தயாராகவில்லை என்று. கண்ணைப் பழக்கு. மதில் பக்கத்தில் போய் உட்கார், தொட்டுப் பார், ஏறி நின்று கீழே பார், வேண்டாமென்றால் எந்தப் பக்கம் குதிப்பாய் என்று முடிவு செய்துவிட்டு வா.

6. போனால் முழுசாகப் போ. இந்த விளையாட்டில் எலும்பு உடைந்து நான் பார்த்தவர்களை எண்ணினால், முழு மனதோடு தாவிய பிறகு விழுந்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் தாவியபின் நடுவில் மனம் மாறியவர்கள். இரண்டு பேலட்டுகளுக்கு நடுவே பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது ‘வேண்டாமோ’ என்று ஒரு எண்ணம் வரும். மிதி பாதியில் தளரும். சைக்கிள் அந்தக் கரைக்கும் சேராமல் இந்தக் கரைக்கும் திரும்பாமல் நடுவே இறங்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். முன்சக்கரம் விளிம்பில் இடித்து நீ அதன் மேல் பறப்பாய்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள். விளிம்பில் நின்று மூன்று மூச்சு. மூன்றாவது மூச்சு முடிவதற்குள் போகவில்லையென்றால் இறங்கிவிடு. அங்கேயே துள்ளித் துள்ளி நேரம் கடத்தாதே. அந்தத் துள்ளலில் கால் பலம் தீரும், போவதும் கெடும். இறங்குவது அவமானம் என்று சில பையன்கள் பேசுவார்கள், கேட்காதே. வேண்டாம் என்று தீர்மானித்து இறங்குவதும் முழு முடிவுதான். அடுத்த முறை வரும்போது உடம்பு உன்னை நம்பும், கட்டாயப்படுத்தமாட்டாய் என்று அதற்குத் தெரியும்.

7. பெரியவர்கள் விழுவதைத் தேடிப் பார். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்து எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தவர் டேனி மெக்காஸ்கில். 2009 ஏப்ரலில் அவர் வீடியோ ஒன்று வெளியானதும் உலகமே இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது. கூர்முனைகள் கொண்ட இரும்பு வேலி ஒன்றின் மேல் சைக்கிளோடு ஏறி நேராக ஓட்டிக் கடக்கும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நீ அதன் தொடக்கத்தைப் பார். அதே வேலியிலிருந்து அவர் விழுவதில்தான் அந்த வீடியோ ஆரம்பிக்கிறது. அதை வெட்டி எறிந்திருக்கலாம், எறியவில்லை. எனக்கு வேலி மேல் ஓடியதைவிட அந்த முடிவு பிடித்திருக்கிறது. நீ வீடியோ எடுப்பாய், இந்தக் காலத்தில் எடுக்காமல் இருக்கமாட்டாய், விழுந்ததையும் வைத்துக்கொள்.

8. வைத்த காலை நீயே எண்ணு. போட்டியின் விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. நான் பழகிய கணக்கில் கால் தரையைத் தொட்டால் ஒரு புள்ளி, அந்தப் பகுதியில் தோற்றால் ஐந்து, குறைந்த புள்ளி வாங்கியவர் வெற்றி. பக்கத்தில் நடுவர் நின்று விரலை உயர்த்திக் காட்டுவார். தனியாகப் பழகும்போது நடுவர் இல்லை. ஷூ நுனி லேசாகப் பட்டது, அது கணக்கில்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். அங்கேதான் மனத்தடைக்கு விதை விழுகிறது. தாண்டாததைத் தாண்டியதாக நினைத்துக்கொண்டு அடுத்த உயரத்துக்குப் போகிறவரை உடம்பு நடுவழியில் கைவிடும், ஏனென்றால் அதற்கு உண்மைக் கணக்கு தெரியும்.

9. ஒன்றும் ஆகாது என்று யாருக்கும் சொல்லாதே, உனக்கும் சொல்லிக்கொள்ளாதே. பிரிட்டனின் மார்டின் ஆஷ்டன் இந்தத் துறையில் பேரெடுத்தவர், பல்லாண்டு அனுபவம். 2013இல் சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலில் ரசிகர்கள் முன்னால் வித்தை காட்டும்போது விழுந்து முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. 2015இல் தனக்கென்று சீட் பொருத்தி மாற்றிய சைக்கிளில், நண்பர்கள் துணையோடு மலைப்பாதையில் இறங்கினார். அந்த இரண்டையும் சேர்த்து நினைவில் வை. பயமுறுத்தச் சொல்லவில்லை. பயம் சொல்வதில் ஒரு பங்கு எப்போதும் உண்மை, அந்தப் பங்குக்காகத்தான் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும். அடிபட்டு எழுந்த பிறகு பழைய உயரத்துக்கு உடனே திரும்ப வேண்டும் என்று வெறி வரும். மறுபடியும் சாக்பீஸ் கோட்டிலிருந்து தொடங்கு. இரண்டாவது முறை வேகமாக ஏறிவிடுவாய். ஆனால் கோட்டைத் தவிர்த்தவர்கள் பலர் சைக்கிளையே விற்றுவிட்டார்கள்.

10. “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று நினைத்ததும் ஹெல்மெட்டைக் கழற்று.

11. மதில் யாருடையதோ, அவரிடம் கேள். இங்கே எங்களைத் துரத்தியவர்களைவிட, கேட்டதும் சரி என்றவர்கள் அதிகம். மதிலில் பெடல் கீறல் விழாமல் பலகை சாய்த்துக்கொள், அடுக்கிய பேலட்டைத் திரும்ப எடுத்து வை, சாக்பீஸ் கோட்டை அழித்துவிடு. யாராவது வயதானவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தால் வணக்கம் சொல். அவர் பார்க்கிறார் என்பதற்காக மட்டும் எதிலும் தாவாதே. அம்மாவை ஒருநாள் அழைத்துப் போய், நீ பின்னால் சாய்ந்து இறங்குவதை முதலில் காட்டு. மதில் ஏறுவதை அப்புறம் காட்டிக்கொள்ளலாம்.