உறக்கத்தில் அமுக்குவது யார்?

விடிவதற்குச் சற்று முன் திடீரென விழிப்பு வருகிறது. அறை தெரிகிறது, சன்னலும் தெரிகிறது. ஆனால் கையை அசைக்க முடியவில்லை. அம்மா என்று கூப்பிடக் குரல் எழவில்லை. மார்பின்மீது யாரோ ஏறி அமர்ந்ததுபோல் மூச்சு முட்டுகிறது. சிலருக்குக் கட்டிலருகே ஒரு கரிய உருவமும் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் மறைந்துவிடுகின்றன.

இதை நம் பாட்டிமார் 'அமுக்குவான் பேய்' என்பர். ஜப்பானியர் 'கனாஷிபாரி' என்பர். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவிலோ, சூனியக்காரக் கிழவி வந்து மார்பில் அமர்வதாகச் சொல்வர். கடல்கள் பிரித்த மக்கள் ஒன்றையே கூறுவதால் இது வெறும் கட்டுக்கதையன்று. எனினும் பேயின் வேலையும் அன்று. இதற்கு உறக்க முடக்கம் என்று பெயர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த கட்டுரையொன்றின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கும், மாணவரில் 28 பேருக்கும் ஒருமுறையேனும் இது நேர்ந்துள்ளது.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறினர். இந்த விரைவிழி உறக்கம் சுமார் 90 நிமிடத்திற்கு ஒருமுறை வரும். விடியலை நெருங்க நெருங்க நீளும். அப்போது மூளைத்தண்டிலிருந்து ஒரு தடையாணை பிறந்து தசைகளைத் தளரச் செய்கிறது. கனவில் ஓடுகிறவள் கட்டிலிலிருந்து ஓடாதிருப்பது இதனால்தான். பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே என்னும் அறிஞர், பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தார். அவை உறங்கியபடியே எழுந்து, இல்லாத இரையின்மேல் பாய்ந்தன!

ஆகவே அந்தத் தடை நமக்குக் காவல். மனம் விழித்தபின்பும் அது நீங்கத் தாமதிப்பதே உறக்க முடக்கம். கனவின் எச்சமே அந்தக் கரிய உருவம். உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்பதில்லை. மார்புத் தசைகள் தளர்ந்திருக்கையில் ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்வதால்தான் அழுத்துவதுபோல் தோன்றுகிறது. கண்களுக்கும் இத்தடை இல்லை.

இனி, இதன் உடன்பிறப்பு ஒன்றைக் காண்போம். கனவு கலையாமலே, 'நான் காண்பது கனவு' என்ற அறிவு விழித்துக்கொள்வதுண்டு. இதுவே தெளிவுக் கனவு. இது புதுமையன்று. கி.பி. 415-ஆம் ஆண்டளவில் புனித அகுஸ்தினார் தம் நண்பர் எவோதியுசுக்கு எழுதிய கடிதத்தில், மறுவாழ்வைப் பற்றி ஐயுற்றிருந்த ஜென்னாதியுஸ் என்னும் மருத்துவரின் கனவைக் குறிப்பிடுகிறார். கனவில் ஓர் இளைஞன் தோன்றி, உன் உடல் எங்கே என வினவுகிறான். படுக்கையில் என்கிறார் மருத்துவர். கண்கள் மூடியிருக்க, என்னை எதைக் கொண்டு காண்கிறாய் என்றதும் அவருக்கு விடை தெரியவில்லை. உடலின் கண்கள் ஓய்ந்தபின்பும் காணும் வாழ்வு உண்டு என்பதற்கே அகுஸ்தினார் இதை எடுத்துக்காட்டினார். உறங்கும்போதே தாம் உறங்குவதை அந்த மருத்துவர் அறிந்திருந்தார் என்பது நம் பாடத்திற்கும் உதவுகிறது.

1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைக் கருவி கொண்டு மெய்ப்பித்தார். உடல் முழுவதும் தளர்ந்திருக்க, கனவு கண்டவர் முன்பே பேசிக்கொண்டபடி கண்களை இடமும் வலமும் அசைத்து அடையாளம் காட்டினார். தடையற்ற கண்களே இங்குத் தூது சென்றன. இரண்டிலும் நடப்பது விரைவிழி உறக்கத்தினுள் அறிவு விழிப்பதே. ஒன்றில் அச்சம் மேலிடுகிறது, மற்றொன்றில் தெளிவு.

தெளிவுக் கனவை வலிந்து தேடி விடியலில் எழுந்து பயிற்சி செய்வோரும் உண்டு. மாணவியருக்கு அது வேண்டாம் என்பேன். கலைந்த உறக்கம்தானே முடக்கத்தை அழைக்கிறது! தேர்வு நாட்களில் கண்விழிப்பு, நேரந்தவறிய உறக்கம், மனக்கலக்கம், மல்லாந்து படுத்தல் ஆகியவை இதற்கு வழி செய்யும். தலையணையடியில் இரும்பு வைப்பதால் பயனில்லை. செபமாலையையும் அந்த இரும்பைப்போல் வைக்கலாகாது. சொல்லிச் செபித்து, அமைதியுற்ற மனத்தோடு ஒருக்களித்துப் படுப்பதே நன்று. அடிக்கடி இது நேர்ந்து, பகலிலும் அடக்க முடியாத உறக்கம் வருமானால் பெற்றோர் மருத்துவரிடம் காட்டவேண்டும், மந்திரிப்பவரிடம் அன்று.

முடக்கம் வந்தால் போராடாமல் மெல்ல மூச்சுவிட்டு, கண்களை அசைத்து, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலலாம். விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி இவ்வாறு தவிப்பது தெரிந்தால், பேய் பிடித்தவள் என்று மறுநாள் பேச்சைக் கிளப்பாமல், பெயர் சொல்லி அழைத்துத் தோளைத் தொடுங்கள். பெரும்பாலும் அந்தத் தொடுதலிலேயே அது விட்டுவிடும்.