பம்பைக் கழற்றும் முன்

பத்து காஜா பட்டறையில் டீசல் வேலை பழகும் தம்பிக்கு,

சமதரையில் ஒழுங்காக ஓடுகிற பிக்கப், சிம்பாங் பூலாயில் திரும்பி கேமரன் மலை ஏறத் தொடங்கியதும் இழுவை இழக்கிறது. கீழே இறங்கிப் பட்டறையில் நிறுத்தினால் அதே இன்ஜின் ஒரு குறையும் இல்லாததுபோல் ஓடுகிறது. “லிஃப்ட் பம்பு போயிருக்கும், மாத்திடு” என்று பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார். அவர் சொல்வது பல நேரம் சரியாகக்கூட இருக்கும். ஆனால் ஊகித்து மாற்றுகிறவனுக்கும் சோதித்து மாற்றுகிறவனுக்கும் உள்ள தூரத்தை நீ இந்த வயதிலேயே கடந்துவிட வேண்டும். அதற்கு இந்தச் சின்ன பம்பு நல்ல பாடம்.

முதல் கேள்வி: இந்த வண்டிக்குத் தனி லிஃப்ட் பம்பு உண்டா? உன் பட்டறைக்கு வரும் ஹைலக்ஸ் 1கேடி, 2கேடி இன்ஜின்களிலும், டி-மேக்ஸின் 4ஜேஜே1 இன்ஜினிலும் டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் வேலையை உயரழுத்தப் பம்புக்குள்ளேயே இருக்கிற சிறு பம்பு செய்கிறது. ஃபில்டர் தலையில் கையால் அமுக்கும் பிரைமர் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். இந்த அமைப்பில் டாங்கியிலிருந்து பம்பு வரை முழுப் பாதையும் உறிஞ்சும் பாதை. எங்காவது ஹோஸ் வெடித்திருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடுகிறவன் கண்ணுக்கு அது அகப்படாது. உயரழுத்தப் பம்புக்கு முன்னால் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸை இணைத்து இன்ஜினை ஓட்டு. குமிழி வந்தால் பாதையில் ஓட்டை. பம்பைத் தொடவே வேண்டாம்.

தனி லிஃப்ட் பம்பு உள்ள வண்டிக்கு நல்ல உதாரணம், தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் உழைத்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் 200டிடிஐ, 300டிடிஐ இன்ஜின்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டே போல்ட்டில் பம்பு நிற்கும். கேம்ஷாஃப்ட் அதன் கையை ஆட்ட, உள்ளே டயாஃப்ரம் மேலும் கீழும் போய் டீசலை இழுத்துத் தள்ளும். இந்த இன்ஜின்களில் ஒரு விசேஷம் உண்டு. லிஃப்ட் பம்பு செத்தாலும் இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் இருக்கும் வேன் பம்பு தானே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஐடிலில் ஒன்றும் தெரியாது. பாரம் ஏற்றி ஏற்றத்தில் போகும்போதுதான் பற்றாக்குறை வெளியே வரும்.

சோதனையை மலிவானதிலிருந்து தொடங்கு. டாங்கி மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. அடுத்தது ஃபில்டர், அதற்கு அடியில் தேங்கிய தண்ணீர். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து அளவைப் பார், மோந்தும் பார். ஆயில் அளவு கூடி, டீசல் வாடை அடித்து, விரலில் தண்ணீராய் வழிந்தால், டயாஃப்ரம் கிழிந்து டீசல் ஆயில் தொட்டிக்குள் இறங்கியிருக்கலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்ட விடாதே. டீசல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பம்பை மாற்றினால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதே. கடைசியாக பம்பின் வெளிவாயில் கேஜ் மாட்டி, வந்த அளவைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடு. மின்சார பம்பாக இருந்தால் அதற்கும் முன்னால் பம்பின் பிளக்கில் வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்க்க வேண்டும். ரிலே கெட்டதற்குப் பம்பு வாங்கிய பட்டறைகள் நிறைய.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1998 நடுவிலிருந்து 2002 மாடல் வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பில் 5.9 லிட்டர் 24 வால்வு கம்மின்ஸ் இன்ஜின் இருந்தது. அதன் மின்சார லிஃப்ட் பம்பை டாங்கியிலிருந்து தள்ளி, இன்ஜின் பிளாக்கிலேயே, சூட்டிலும் அதிர்விலும் மாட்டியிருந்தார்கள். மின்சார பம்பு தள்ளுவதில் கெட்டி, தூரத்திலிருந்து இழுப்பதில் சோடை. அது சத்தமில்லாமல் பலவீனப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த பாஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்புக்கோ குளிர்ச்சியும் மசகும் தருவது அதன் வழியாக ஓடும் டீசல்தான். டீசல் குறைந்ததும் அந்த விலையுயர்ந்த பம்பு பலியானது. லிஃப்ட் பம்பை அளந்து பார்க்காமல் விபி44-ஐ மட்டும் மாற்றியவர்கள் புதியதையும் பறிகொடுத்தார்கள். பிறகு பலர் லிஃப்ட் பம்பை டாங்கி அருகே நகர்த்தி, டேஷ்போர்டில் அழுத்தக் கேஜ் ஒன்றையும் பொருத்திக்கொண்டார்கள். அந்தக் கேஜைத்தான் அந்த வண்டிக்குக் கிடைத்த சிறந்த பாகம் என்று சொல்ல வேண்டும்.

இனி உன் ஊருக்கே உரிய விஷயம். 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டன் பூட்டிமார் இருட்டோடு எழுந்து வெட்டிய பால்மரங்கள் அந்த வரிசையில் வந்தவை. ஆனால் அந்தப் பாலில் செய்த இயற்கை ரப்பரை டீசலில் போட்டால் ஊதி, இளகி, பலமிழந்துவிடும். எண்ணெயைத் தாங்குவதற்காக 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் வகைச் செயற்கை ரப்பரில்தான் டயாஃப்ரமும் எரிபொருள் ஹோஸும் செய்கிறார்கள். ரேடியேட்டர் ஹோஸ் எண்ணெயைத் தாங்கும் ரப்பரில் செய்ததல்ல, அதனால்தான் அதன் துண்டை டீசல் பாதையில் மாட்டி ஒப்பேற்றக் கூடாது.

பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களின் எண்ணெய் இப்போது அதே டாங்கிக்குள் வந்துவிட்டது. 2019-இல் மலேசியாவில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலப்பது கட்டாயமானது. அது கெட்ட பொருள் அல்ல. கந்தகம் குறைத்த டீசல் இழக்கும் மசகுத் தன்மையை அது ஈடுகட்டுகிறது. ஆனால் அதற்குக் கரைக்கும் குணம் உண்டு, தண்ணீரையும் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் செட்டுக்குள் நின்ற பழைய பிக்கப்பில் புது டீசலை நிரப்பினால், டாங்கிச் சுவரில் படிந்த கசடு பெயர்ந்து ஃபில்டருக்கு வரும். முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைத்தால் பம்பைச் சந்தேகிக்காதே. இன்னொரு ஃபில்டர் போட்டு, டாங்கியின் அடியைப் பார்.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறிய பிறகு, ஃபில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்கிறவரிடம் கோபப்படவும் முடியாது. அவரிடம் அழுக்கு ஃபில்டரை வெட்டித் திறந்து காட்டு. பேசுவதைவிட அது வேலை செய்யும்.

சோதித்துவிட்டாய், டிஃபெண்டர் போன்ற வண்டியில் குறை பம்பில்தான் என்று உறுதியாகிவிட்டது. பேட்டரி எர்த்தைக் கழற்று. பம்பைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷ் போட்டுக் கழுவிய பிறகே யூனியனைத் தொடு. கழற்றிய குழாய் வாய்களை உடனே மூடு. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போகும் ஒரு மணல் துகள் நீ மாற்றும் பம்பைவிடப் பெரிய செலவு வைக்கும். இன்ஜினைக் கையால் சுற்றி, கேம் பம்பின் கையை அழுத்தாத நிலைக்குக் கொண்டு வா. அப்போதுதான் பம்பு பிளாக்கில் சிரமமில்லாமல் உட்காரும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது துணுக்கு உள்ளே விழாமல் துணி அடை. புதுப் பம்பைப் பழையதோடு பக்கத்தில் வைத்துக் கையின் நீளத்தையும் வளைவையும் பார். கேஸ்கட்டின் தடிமனும் அதேபோல் இருக்க வேண்டும். தடிமன் கூடினால் கையின் ஓட்டம் குறையும். சிலிகானை அப்பாதே, பிதுங்கியது உடைந்து ஆயில் வடிகட்டியில் போய் ஒட்டும். கை கேமின் சரியான பக்கத்தில் உட்கார்ந்ததை உணர்ந்தபின், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கு. பம்பு நேராக உட்காராமல் போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் கை உடையும்.

காற்று எடுப்பதில்தான் இளையவர்கள் பொறுமை இழக்கிறார்கள். பம்பின் கை நெம்பை அடி. எதிர்ப்பே இல்லையென்றால் கேம் அதன் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடி. ஃபில்டர் தலையின் திருகாணியில் குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை விடாதே. ஸ்டார்ட்டரைச் சில விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதே, நடுவில் ஆற விடு. பழைய இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது வழக்கம். காமன் ரெயில் இன்ஜினில் அதை எந்தக் காலத்திலும் செய்யாதே, தம்பி. டயரில் இருப்பது இரண்டு மூன்று பார். அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். காயம் கொசுக்கடி போலத் தெரியும், தொடக்கத்தில் வலிகூட இருக்காது. உடனே அறுவை மருத்துவரிடம் போகாதவர்கள் விரலையோ கையையோ இழந்திருக்கிறார்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் யாரிடம் கண்டாலும், அவர் உன் தவுக்கேயாக இருந்தாலும், தடுத்துச் சொல்.

ஒவ்வொரு அளவையும் ஒரு நோட்டில் எழுது: வண்டி, கிலோமீட்டர், கேஜ் காட்டியது, மாற்றியது. பட்டறை அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழைப் பெற, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பிபிடி என்ற வழி இருக்கிறது. செய்த வேலைக்கு அங்கே ஆதாரம் கேட்பார்கள். கையில் தொழில் இருந்தும் தாளில் எதுவும் இல்லாததால் பாதிச் சம்பளத்தில் நின்றுவிட்ட அண்ணன்மார் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் அதிகம். நீ அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

வண்டியை ஒப்படைக்கும் முன் பக்கத்திலிருக்கும் கெல்லி மாளிகை வரை ஒரு சுற்று போய் வருவது போதாது. ஏற்றத்தில், முடிந்தால் பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, திரும்பியதும் யூனியன்களைத் துணியால் துடைத்து ஈரம் தேடு. டீசல் கலந்த ஆயிலையும் நனைந்த துணியையும் ஃபில்டரையும் வாய்க்காலுக்குப் போகும் சாக்கடையில் சேர்க்காதே. 2005-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளின்படி அவை அட்டவணைக் கழிவு, தனியாகச் சேர்த்து உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

பழைய பம்பை மட்டும் வீசாதே. ஓய்வாக இருக்கும்போது அதைப் பிரித்து டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா, வால்வில் கசடு சிக்கியிருக்கிறதா, கையின் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பார். எல்லாமே நன்றாக இருந்தால், வாடிக்கையாளருக்கு அன்றைக்கே போன் போட்டு, டாங்கிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைப் பார்க்க வண்டியை இன்னொரு நாள் விடச் சொல்.