நெல்லில் தொடங்கும் காரைக்கால் வரலாறு

காரைக்காலின் வரலாற்றை வகுப்பில் பெரும்பாலும் 1739இல் தொடங்குகிறோம். தஞ்சை மராட்டியரிடமிருந்து ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஆண்டு அது. எட்டாம் வகுப்பில் நான் ஒரு பிடி நெல்லை மேசைமேல் வைத்துத் தொடங்குகிறேன். "பிரெஞ்சுக்காரர் இந்த ஊரை ஏன் விரும்பினர்?" என்றால் மாணவர்கள் "துறைமுகம்" என்பார்கள். அது பாதி விடைதான். புதுச்சேரிக்கு அரிசி வேண்டும். காரைக்காலோ காவிரிப் பாசன வயல்வெளி.

அடுத்து வரைபடம். அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு மூன்றையும் கடலிலிருந்து மேற்கே விரலால் தொடரச் சொல்வேன். விரல் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்க் காவிரியில் நிற்கும். நாம் கடைமடை என்பது அப்போதே புரிந்துவிடும். நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018இல் மாற்றாமல் விட்டதை இங்கே சொல்லலாம். பலருக்கு அது வீட்டில் கேட்ட பேச்சு.

19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் காரைக்காலிலிருந்து கப்பலேறியவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1954 நவம்பர் 1, 1962 ஆகஸ்ட் 16 ஆகிய நாள்கள் பாடநூலிலேயே உள்ளன. அவற்றை விரைவாகக் கடக்கலாம்.

வீட்டுப்பணி: தாத்தா பாட்டியிடம் பழைய நெல் வகைகளையும் வயல்களின் பெயர்களையும் கேட்டு, இன்றைய நிலையை எதிரே எழுதுதல். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்ப் பிள்ளைகள் பருவவாரியாக மீன் பெயர்களைத் தரட்டும். சென்ற ஆண்டுத் தாள்களில் பல வயல்களுக்கு எதிரே "மனை" என்று எழுதியிருந்தார்கள்.