எட்டு வாரமும் 45 மணி நேரமும்

பெங்களூரின் பிரேசர் டவுனில் பி.காம்., பி.இ. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், கோடைப் பருவ வகுப்பைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ஃபெயில் ஆனவர்கள்தான் அங்கே போவார்கள் என்பது ஒன்று. லீவில் நாலு பேப்பரை முடித்துவிட்டால் டிகிரியில் ஒரு வருடம் மிச்சம் என்பது மற்றொன்று. முதலாவதில் இளக்காரம், இரண்டாவதில் பேராசை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்புக் கணக்கு: வாரங்கள் குறைவு, ஆகவே படிப்பும் குறைவு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, வழக்கமான பருவத்துக்கு 90 வேலை நாட்களையும் கோடைப் பருவத்துக்கு எட்டு வாரங்களையும் வகுத்திருக்கிறது. விரிவுரைப் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணி நேரம். கோடை என்பதற்காக இது சுருங்காது. பதினைந்து வாரத்தில் வாரம் மூன்று மணி நேரமாக நடப்பது, எட்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாகிறது. நாலு பாடம் எடுத்தால் வகுப்பு மட்டுமே வாரத்துக்கு 22 மணி நேரத்தைத் தாண்டும். அசைன்மென்ட், லேப் ரெக்கார்ட், இன்டர்னல் தேர்வெல்லாம் தனி. இதைச் சுலபம் என்று சொல்கிறவர்கள் கால அட்டவணையைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஃபெயில் ஆனவர்களின் வகுப்பு என்ற எண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெங்களூரின் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளில், பேக்லாக் வைத்திருப்பவர்களுக்கும் அட்டெண்டன்ஸ் போதாதவர்களுக்குமே கோடையில் நடக்கும் துணைப் பருவம் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் அதே 2022 கட்டமைப்பு, விட்டுப்போன பாடங்களோடு கூடுதல் பாடங்களையும் கோடையில் நடத்தலாம் என்கிறது. முதலாண்டோடு சான்றிதழ் பெற்று வெளியேறும் மாணவர் கோடையில் நாலு கிரெடிட் தொழிற்பயிற்சியை முடித்தாக வேண்டும். அவர் எதிலும் தோற்றவர் அல்ல. 1892இல் திறந்த சிகாகோ பல்கலைக்கழகம் கோடையை ஆண்டின் முழுமையான ஒரு பருவமாகவே வைத்துக்கொண்டது.

ஒரு வருடம் மிச்சம் என்பதற்கு மேலே சொன்ன மணிக் கணக்கு இடம்தரவில்லை. மானியக் குழு 2025இல் விதியாக்கிய விரைவுப் பட்டத் திட்டம்கூட, வழக்கமான பருவங்களில் கூடுதல் கிரெடிட் சுமப்பவர்களுக்கானது. மூன்றாண்டுப் படிப்பில் அது தருவது ஒரு பருவத்தின் மிச்சம்தான். கர்நாடகம் 2024இல் நாலாண்டுப் பட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டுக்கே திரும்பியிருப்பதால், இங்குள்ள பெற்றோர் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான்.

அவசரமாகப் படித்தது நிற்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் தங்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே சோதித்துக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கணிதப் பாடத்தை எட்டு வாரத்தில் அடைப்பது எனக்கும் உவப்பில்லை. ஆனால் வழக்கமான பருவத்தில் ஐந்தாறு பாடங்களுக்கு நடுவே சிதறும் கவனம், கோடையில் ஒரே பாடத்தின்மேல் குவிகிறது. அந்த ஆதாயம் ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு பாடம் எடுப்பவருக்கே கிடைக்கும்.

எந்தப் பாடம் நடக்கும் என்பது ஆசிரியர் கிடைப்பதையும் சேரும் மாணவர் எண்ணிக்கையையும் பொறுத்துக் கல்லூரி முடிவுசெய்வது. கட்டணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: உங்கள் பாடம் நிச்சயமாக நடக்குமா, அதன் கிரெடிட் மதிப்பெண் பட்டியலில் ஏறுமா.