தங்கும் நாள் முடியும் முன்னே

கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இம்மலைச் சரிவுகளில் உள்ள தேயிலைத் தோட்டங்களில், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. லயத்து வீடுகளில் வளரும் பிள்ளைகளும், மலையடிவாரத்து விதுரா, நெடுமங்காடு இளைஞர்களைப் போலவே, வளைகுடா நாடுகளை நோக்குகின்றனர். அப்பயணத்துக்காக நகை அடகுக்குப் போகிறது, கடன் வாங்கப்படுகிறது. எனவே விசாவைப் பற்றிய அறிவு, குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும் அறிவும் ஆகும். ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை நாம் படிப்படியாகக் காண்போம்.

1. எந்த விசாவில் செல்கிறோம்?

வருகை விசா, சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் மட்டுமே உரியது. "அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம்" என்று முகவர் சொல்லலாம். ஆயினும் வேலை அனுமதி கைக்கு வருமுன் ஒரு நாள் உழைத்தாலும் அது சட்டமீறலே.

வேலை விசாவை முதலாளியே பெற்றுத் தர வேண்டும். முதலில் பணி வாய்ப்புக் கடிதம். அதன்பின் நுழைவு அனுமதி. அங்குச் சென்றதும் மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, வதிவிட அனுமதி. பெரும்பாலும் இது இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது.

வேலை தேடவே விரும்பும் தகுதியுடைய பட்டதாரிகளுக்கு 60, 90, 120 நாள் விசாக்கள் உள்ளன. திறன்மிகு பணியாளருக்கும் தனித்தொழில் செய்வோருக்கும் முதலாளியைச் சாராத ஐந்தாண்டுப் பசுமை விசா உண்டு. அதற்குக் கல்வி, வருமான வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன.

2. புறப்படுமுன்

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவர்கள் பொதுவாக 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அமீரகம், சவூதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா ஆகியவை அவற்றுள் அடங்கும். வருகை விசாவில் செல்பவர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்.

பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் சரக்கு, சேவை வரியுமே. முகவரின் பதிவை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனாவின் கீழ் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள நோர்கா ரூட்ஸ் நிறுவனத்திலும் வழிகாட்டுதல் பெறலாம்.

3. காலம் கடந்தால்

விசாக் காலம் கடந்து தங்குவோர் எல்லோரும் தெரிந்தே தவறு செய்பவர்கள் அல்லர். வருகை விசாவில் சென்று வேலைக்காகக் காத்திருப்பவர் நாளைத் தவறவிடுகிறார். சிலருக்கு முதலாளி அனுமதியைப் புதுப்பிப்பதில்லை. வேறு சிலர், வேலை முடிந்தபின் தரப்படும் சலுகை நாட்களைக் கணக்கில் வைப்பதில்லை.

காரணம் எதுவாயினும் அபராதம் நிற்பதில்லை. அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் எனக் கொண்டால், 60 நாளுக்கு 3,000 திர்ஹம், அதாவது 69,000 ரூபாய். ஓராண்டுக்கு 18,250 திர்ஹம், அதாவது 4,19,750 ரூபாய். இங்கே கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்க, அங்கே அபராதமும் ஓடுகிறது.

இழப்பு அபராதத்தோடு முடிவதில்லை. அடையாள அட்டை காலாவதியானால் வங்கிக் கணக்கும் மருத்துவக் காப்பீடும் தடைபடலாம். கூலி கிடைக்காதபோதும் பிடிபடும் அச்சத்தால் முறையிட இயலாது. நாடுகடத்தலும் மீண்டும் நுழையத் தடையும் நேரலாம்.

4. ஏற்கெனவே கடந்துவிட்டால்

ஒளிந்து வாழ்வது கடனை வளர்ப்பதாகும். இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ உடனே அணுக வேண்டும். 2009இல் உருவாக்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, வழியற்றவர்களுக்குப் பயணச் சீட்டு போன்ற உதவிகள் வழங்கப்படுகின்றன. அமீரகம் 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை பொதுமன்னிப்பு அளித்தது. அபராதமும் தடையுமின்றி நாடு திரும்பவோ, புதிய வேலையில் சட்டப்படி சேரவோ அப்போது வழி பிறந்தது. ஆனால் அடுத்த மன்னிப்பு எப்போது வரும் என்று நம்பிக் காத்திருத்தல் கூடாது.

5. வங்கியில் செய்ய வேண்டியது

வேலைக்காக வெளிநாடு செல்பவர் தம் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கு ஈட்டும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. நிலையாகத் திரும்பிவிட்டால் அதையும் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள்

விசாவில் எழுதியிருப்பது வேலையா, வருகையா? முதலாளியின் பெயர் ஒப்பந்தத்திலும் விசாவிலும் ஒன்றாக உள்ளதா? அனுமதி முடியும் நாள் எது? கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் உள்ளனவா?

கடன் தவணை நாளைக் குறித்து வைக்கும் அதே நாட்காட்டியில் விசா முடியும் நாளையும் குறித்து வைப்போம். அந்நாளுக்கு இரண்டு மாதம் முன்பே, "புதுப்பித்தாயிற்றா?" என்று பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்போம்.