பிறந்த நேரம் தெரியாத ஜாதகம்: கணிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு

ஆலங்குளம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து ஜோதிடம் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது யோகங்களைப் பற்றித்தான். ஆனால் நாளை உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்களில் பலரிடம் நேரமே இருக்காது. "விடியக்காலம்னு அம்மா சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு லக்னம் வரை போவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. முதலில் ஆட்களிடம் பேசுங்கள். பஞ்சாங்கம் பிறகு. "எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்று கேட்டால் அப்பத்தா ஏதோ ஒரு மணியைச் சொல்லிவிடுவார்; பிறகு அதையே பிடித்துக்கொள்வார். "தாயி, புள்ள பொறந்தப்ப வீட்டுல என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேளுங்கள். டெல்லியிலிருந்து அந்நாளில் வந்த காலை 7.15 மணி வானொலிச் செய்தி ஓடிக்கொண்டிருந்ததா, மாட்டை அவிழ்த்துவிட்டார்களா, விளக்கு வைத்தாயிற்றா, இரண்டாவது ஆட்டம் சினிமா விட்டு ஆட்கள் தெருவில் வந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் அப்பாவோ சித்தப்பாவோ அன்றைக்கு எந்த ஷிப்டில் இருந்தார் என்பதும் ஒரு சாட்சிதான். இரண்டு பேரைத் தனித்தனியாக விசாரியுங்கள். ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்.

2. "பொழுது சாயும்போது" என்று சொன்னால் எந்த ஊரில் என்று உடனே கேளுங்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. மலையடியில் இருப்பவர்களுக்குப் பஞ்சாங்க அஸ்தமனத்துக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். கிழக்கே தள்ளியிருக்கும் ஆலங்குளத்தில் அவ்வளவு சீக்கிரம் மறையாது. அஸ்தமன நேரத்தை அப்படியே எழுதிக்கொண்டால் கணக்கு தொடங்கும்போதே பிசகிவிடும். உதயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, கிழக்கு வெட்டவெளி.

3. நாளைச் சரிபாருங்கள். நமக்கு நாள் உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கிலத் தேதியோ நள்ளிரவில் மாறுகிறது. வெள்ளிக்கிழமை அதிகாலை 3 மணிக்குப் பிறந்த பிள்ளையை ஆத்தா "வியாழக்கிழமை ராத்திரி" என்பார், ஆஸ்பத்திரிச் சீட்டில் வெள்ளி என்று இருக்கும். இரண்டும் சரிதான். அதைப் பிரித்துப் பார்க்காமல் எழுதினால் சந்திரன் ஒரு நட்சத்திரம் தள்ளிப் போய்விடும். பள்ளிச் சான்றிதழ் தேதியை மட்டும் தனியாக நம்பவே வேண்டாம். தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலத்துத் தேதிகளில் பல, வாத்தியார் போட்டவை.

4. பிறப்புச் சான்றிதழில் நேரம் கிடைக்காது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி தரும் சான்றிதழில் தேதியும் இடமும் பெற்றோர் பெயரும் இருக்கும். நேரம் வேண்டுமானால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடச் சொல்லுங்கள். பீரோவில், அம்மாவின் பழைய பைலில் கிடந்தாலும் கிடக்கும். கிடைத்ததும் அது எந்தக் கணத்தின் நேரம் என்று யோசியுங்கள். தலை வெளிப்பட்ட கணத்தைச் சிரோதயம் என்றும் பிள்ளை பூமியைத் தொட்ட கணத்தைப் பூபதனம் என்றும் நம் பெரியவர்கள் பிரித்தார்கள். நர்ஸ் எழுதியது பெரும்பாலும் கைவேலை முடிந்து கடிகாரத்தைப் பார்த்த நேரம். நிமிடம் 5, 10 என்று ஐந்தின் மடங்காக இருந்தால் முன்னும் பின்னும் சில நிமிடம் இடம் விடுங்கள்.

5. சொந்த ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். ஆலங்குளத்துக்காரர் ராஜபாளையத்திலோ சிவகாசியிலோ ஆஸ்பத்திரியில் பிறந்திருப்பார். ஆலங்குளம் என்ற பெயரிலேயே இன்னொரு ஊர், திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கிறது. கணினியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் எந்த ஆலங்குளம் வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் தீர்க்கரேகை ஏறக்குறைய ஒன்று என்பதால் லக்னம் பெரிதாக மாறாது. ஆனாலும் ஊரைச் சரியாக எழுதாதவர் நிமிடத்தைச் சரியாக எழுதுவார் என்று நான் நம்பமாட்டேன்.

6. கடிகார நேரத்தை உள்ளூர் நேரமாக்கப் பழகுங்கள். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நம் பகுதி 77½ பாகையைச் சற்றே தாண்டியது. பாகைக்கு 4 நிமிடம் என்றால் நம் சொந்த நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 19 நிமிடம் பின்னால். பழைய ஓலை, நோட்டு ஜாதகங்களில் உதயாதி நாழிகைதான் இருக்கும். நாழிகை 24 நிமிடம். 6.10க்கு உதயம், 11.10க்குப் பிறப்பு என்றால் 5 மணி நேரம், அதாவது 12 நாழிகை 30 விநாடி. சதாபிஷேகத்துக்காக ஜாதகம் பார்க்க வரும் எண்பது கடந்தவர்களிடம் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். உலகப்போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கடிகாரம் பார்த்துக் குறித்த நேரமா, பொழுதைப் பார்த்துச் சொன்ன நேரமா என்று தெரியாமல் கணித்தால் அரை லக்னம் போய்விடும்.

7. சாட்சிகள் கொடுத்த இடைவெளியைப் படிப்படியாகக் குறுக்குங்கள். உதயத்தில் லக்னம் சூரியன் நிற்கும் பாகையிலேயே இருக்கும்: சித்திரையில் மேஷம், ஆடியில் கடகம். அங்கிருந்து ராசிக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணலாம். துல்லியத்துக்குப் பஞ்சாங்கத்தில் ராசி இருப்பு உண்டு. வீட்டில் யாராவது "பூரம் ரெண்டாம் பாதம்" என்று நினைவு வைத்திருந்தால் அது பெரிய உதவி. ஒரு பாதத்தைக் கடக்கச் சந்திரனுக்குச் சுமார் 6 மணி நேரம் ஆகிறது. அதற்குள் மூன்று அல்லது நான்கு லக்னம்தான். பகலா, இரவா என்பது சேர்ந்தால் சில சமயம் இரண்டாகக் குறையும். நவாம்சம் மாற 13 நிமிடம் போதும். அதைக் கடைசியில் பாருங்கள்.

8. அதன் பிறகுதான் வாழ்க்கைச் சம்பவங்கள். தேதிக்குக் காகிதம் உள்ளவற்றை மட்டும் கேளுங்கள்: கல்யாணப் பத்திரிகை, முதல் பிள்ளையின் பிறப்புச் சான்று, தகப்பனாரின் இறப்புச் சான்று, வேலை உத்தரவு, பத்திரப்பதிவு. முகத்தையும் குணத்தையும் வைத்து லக்னம் சொல்லாதீர்கள். "கோபம் வரும், ஆனா நல்லவர்" என்றால் பன்னிரண்டு ராசிக்காரரும் தலையாட்டுவார்கள். தசை நகர்வைக் கணக்கில் வையுங்கள். பூரத்தில் பிறந்தவருக்குச் சுக்கிர தசை, 20 வருடம். நட்சத்திரம் ஓடுவது சுமார் 24 மணி நேரம். ஆக, பிறந்த நேரத்தில் 1 மணி பிசகினால் தசை 10 மாதம் நகரும். கார்த்திகைக்காரருக்குச் சூரிய தசை 6 வருடம்தான், அதே பிசகு 3 மாதம்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. ஆறு சம்பவம் கிடைத்தால் நான்கை வைத்து நேரத்தைத் திருத்துங்கள். மீதி இரண்டின் தேதியை வாங்காதீர்கள், மூடியே இருக்கட்டும். திருத்திய நேரத்தை வைத்து அந்த இரண்டும் எந்த வருடம், எந்தப் புக்தி என்று எழுதிக்கொண்டு, அப்புறம் தேதியைக் கேளுங்கள். பொருந்தாவிட்டால் உங்கள் நேரம் தவறு. ஆறையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பொருத்தினால், புத்தியுள்ள எவரும் எந்த லக்னத்துக்கும் பொருத்திவிடலாம்.

9. ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு முடிவுக்குப் போகாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவதரித்தது ஆடிப் பூரம், பெரியாழ்வார் ஆனி சுவாதி. மாதமும் நட்சத்திரமும் நினைவில் நின்றன. ஆண்டைத் தேடிய அறிஞர்கள், விடியலில் சுக்கிரன் எழுந்து குரு மறைந்ததைச் சொல்லும் திருப்பாவைப் பதின்மூன்றாம் பாசுரத்தைத் துணைக்கொண்டார்கள். மு. இராகவையங்கார் அதை கி.பி. 731 டிசம்பர் 18 விடியல் என்று கணித்தார். அதே வான்குறியை வைத்து ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் போனவர்களும் உண்டு. அத்தனை பேரும் கணக்குத் தெரிந்தவர்களே. கிரகங்கள் அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவதால், குறி ஒன்றாக இருந்தும் ஆண்டு பலவாகிறது. கல்வெட்டோ அரசர் பெயரோ வேறொரு சாட்சியாக வந்து சேர்ந்தால்தான் அது உறுதிப்படும். உங்கள் மேஜைக்கு வரும் சாதாரண மனிதரின் ஜாதகத்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும்.

10. எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். பழைய ஜாதகம் வாக்கியப்படி இருக்கும், உங்கள் கணினி திருக்கணிதப்படி போடும். நட்சத்திரம் முடியும் சமயத்தில் பிறந்தவருக்கு நட்சத்திரமே மாறலாம். லாகிரி, ராமன் அயனாம்சங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒன்றரைப் பாகை, லக்னத்தில் ஆறு நிமிடம். பொருந்தவில்லை என்றதும் அயனாம்சத்தை மாற்றுகிறவர் நேரத்தைத் திருத்தவில்லை.

11. கல்யாணத்துக்காக நேரத்தை நகர்த்தச் சொல்லி வருவார்கள். "பத்து நிமிஷம் தள்ளிப் போட்டா செவ்வாய் தோஷம் போயிருமாமே, அண்ணாச்சி" என்பார்கள். செய்யாதீர்கள், எவ்வளவு கொடுத்தாலும். அதே அளவுக்கு இன்னொன்றையும் சொல்கிறேன்: ஊகத்தில் எடுத்த லக்னத்தை வைத்து ஒரு பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். லக்னம் உறுதியில்லாத இடத்தில் சந்திரனையும் நட்சத்திரப் பொருத்தத்தையும் வைத்துப் பேசுங்கள். உங்கள் ஒரு சொல்லில் அந்தப் பெண்ணின் கல்யாணம் ஐந்து வருடம் நின்றுபோகும்.

12. தேதியும் தெரியாது, ஆண்டும் தெரியாது என்று வருகிறவருக்கு நேரத் திருத்தம் செய்ய முடியாது. பிரசன்னம் பாருங்கள், அதைப் பிரசன்னம் என்றே சொல்லுங்கள்.

13. முடித்த ஜாதகத்தின் முதல் பக்கத்தில் "நேரம் திருத்தப்பட்டது" என்று எழுதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்ற இடைவெளி, சொன்ன சாட்சிகள், எடுத்த அயனாம்சம் எல்லாவற்றையும் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து பார்க்கிறவர் உங்கள் ஊகத்தை ஆஸ்பத்திரி நேரமாக நினைத்துவிடக் கூடாது.

14. வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருப்பவர் யார் வந்தாலும் ஒரு வேலை சொல்லி அனுப்புங்கள். பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் ஒருவர் கைபேசி நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். நர்ஸ் எழுதிய நேரத்தையும் கேட்டு, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, ஊர், மாவட்டம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் பிடித்து அம்மாவின் கைபேசியிலும் தாய்மாமன் கைபேசியிலும் வைக்கச் சொல்லுங்கள். இரட்டைப் பிள்ளை என்றால் இரண்டுக்கும் தனித்தனி நேரம், யார் மூத்தது என்பதோடு.